மகிழ்ச்சியை அளக்க எந்த லேப்டாப்? ஒரு நிகழ்வு ஆய்வு

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவி, புரோகிராமிங்குக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தார். நான் பல ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தக் கேள்வி அடிக்கடி வரும், பெரும்பாலும் பத்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். இந்தத் தடவை அப்படி முடியவில்லை. அவர் எழுதப்போகும் புரோகிராம் செய்ய வேண்டிய வேலை அப்படி: சமூக ஊடகங்களில் தமிழில் எழுதுபவர்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அது அளக்க வேண்டும்.

அந்த வேலை எப்படிப் போனது, லேப்டாப் பற்றிய முடிவு எப்படி மாறியது, அளவீடு எங்கே இடறியது என்பதை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். எதை எண்ணப்போகிறோம், அந்த எண்ணிக்கையை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்போகிறோம் என்பது தெளிவாகும்வரை லேப்டாப்பைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் கருத்து. அதற்கு இந்த நிகழ்வைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

வந்தபோது கையில் இருந்த திட்டம்

அவர் ஏற்கெனவே ஒரு லேப்டாப்பைப் பார்த்து வைத்திருந்தார். விளையாட்டுக்காகவே செய்யப்பட்ட கனமான இயந்திரம். 6 ஜிபி நினைவகம் கொண்ட தனி ஜிபியு (படங்களுக்கும் ஏஐக்கும் வேண்டிய கணக்குகளை வேகமாகப் போடும் சில்லு), 16 ஜிபி ரேம், 15.6 அங்குலத் திரை, விசைப்பலகைக்கு அடியில் வண்ண விளக்கு. "ஏஐ வேலைக்கு ஜிபியு இல்லாம முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா" என்றார். எந்த ஏஐ வேலை என்று கேட்டேன். ஒரு கோடிப் பதிவுகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் மகிழ்ச்சியா சோகமா என்று பிரித்து, நாள்வாரியாக ஒரு கோடு வரைய வேண்டும் என்றார்.

சரி, அந்த ஒரு கோடிப் பதிவு எங்கிருந்து வரும்? அங்கேயே பேச்சு கொஞ்சம் நின்றது. ட்விட்டர் தன் தரவை இலவசமாக எடுக்கும் வழியை 2023 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவித்தது. அதுவரை உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த வழியை நம்பித்தான் நடந்தது. இப்போது அந்த அளவுக்குத் தரவு வேண்டுமென்றால் பெரும் பணம் கட்ட வேண்டும், அல்லது ஆட்களிடம் நேராகக் கேட்க வேண்டும். அவருடைய வழிகாட்டியான பேராசிரியரும் இரண்டாவது வழியைத்தான் விரும்பினார். பெரும்பாலான தளங்கள் பயனருக்கு அவருடைய தரவைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி தருகின்றன. சம்மதிக்கும் ஆட்கள் தங்கள் கோப்பைத் தாங்களே தரவிறக்கிக் கொடுப்பார்கள், கூடவே மாதம் ஒருமுறை ஒரு சிறு கேள்வித்தாளையும் நிரப்புவார்கள். எட் டீனர் குழுவினர் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் அது. ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்.

இந்தப் பேச்சு முடிந்தபோது ஒரு கோடி என்பது சில லட்சமாகச் சுருங்கியிருந்தது. லேப்டாப்பின் தேவையும் கூடவே சுருங்கிவிட்டது. ஆனால் ஆய்வின் தரம் கூடிவிட்டது என்றே சொல்வேன். முன்பு பதிவுகள் மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது அதே ஆள் தன் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதும் கைக்கு வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால்தான் அதை அளவீடு என்று சொல்ல முடியும்.

எண்ணுவது என்றால் என்ன வேலை

மகிழ்ச்சியை அளக்கும் கருவி ஒன்று வேண்டும் என்ற ஆசை பழையது. பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் 1881-லேயே அப்படி ஒரு கற்பனைக் கருவியைப் பற்றி எழுதினார், அதற்கு ஹெடோனிமீட்டர் என்று பெயரும் வைத்தார். நூற்றாண்டு கடந்து, வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாட்ஸும் கிறிஸ் டான்ஃபோர்த்தும் அந்தப் பெயரை லேசாக மாற்றி ஹெடோனோமீட்டர் என்று ஒன்றைச் செய்தே காட்டினார்கள். 2011-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை 33 மாதங்களில் 6.3 கோடிப் பேர் எழுதிய சுமார் 460 கோடி ட்வீட்களை எடுத்துக்கொண்டது.

முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 10,222 சொற்களை எடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் 50 பேரிடம் காட்டி, இது எவ்வளவு மகிழ்ச்சியான சொல் என்று 1 முதல் 9 வரை மதிப்பெண் வாங்கினார்கள். சிரிப்பு என்பதற்கான சொல் 8.50 வாங்கி உச்சியில் நின்றது. பயங்கரவாதி என்பதற்கான சொல் 1.30. நடுவில் 4 முதல் 6 வரை வாங்கிய மந்தமான சொற்களை விட்டுவிட்டு, மீதியை எண்ணிச் சராசரி எடுத்தார்கள். அதுதான் அன்றைய நாளின் மகிழ்ச்சி. அதே குழு 2015-இல் 10 மொழிகளுக்கு இதைச் செய்தது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆகவே நம் மாணவி பட்டியலைத் தானே உருவாக்க வேண்டியிருந்தது.

கணினியின் பக்கம் நின்று பார்த்தால் இது மிகச் சின்ன வேலை. பதிவை எடு, சொற்களாகப் பிரி, பட்டியலில் இருந்தால் மதிப்பெண்ணைக் கூட்டு, அடுத்த பதிவுக்குப் போ. பழைய செயலியே இதைச் சிரமமில்லாமல் செய்யும். ஜிபியுவுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. எது இடிக்கும் என்று பார்த்தால், ரேம்தான். அதையும் தோராயமாக மதிப்பிடாமல் தாளில் போட்டுப் பார்த்தோம்.

எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். "மகிழ்ச்சி" என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் இகரக் குறியும் தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடு கணக்கில் ஒன்பது குறி, கோப்பில் 27 பைட். ஒரு பதிவுக்கு 100 குறி என்று வைத்துக்கொண்டால் 300 பைட், பத்து லட்சம் பதிவுக்கு 300 எம்பி. இதுவரை பயமில்லை. ஆனால் அவர் புரோகிராம் எழுதும் பைத்தான் மொழியில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சரமாகப் பிரித்து வைத்தால், எழுத்துகளுக்கான இடம் போக ஒவ்வொரு சரமும் ஐம்பது அறுபது பைட்டுக்கு மேல் நிர்வாகச் செலவாகக் கேட்கும். 27 பைட்டுச் சொல் மூன்று மடங்காகிவிடும். ஒவ்வொரு பதிவையும் அதன் பொருளைக் குறிக்கும் 768 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றும் நவீன முறைக்குப் போனால், எண்ணுக்கு 4 பைட் வீதம் பதிவுக்கு 3,072 பைட், பத்து லட்சம் பதிவுக்கு 3 ஜிபி. அதன்மேல் ஒரு நகல் எடுத்தால் 6. பிரவுசர் ஒரு பக்கம், எடிட்டர் ஒரு பக்கம் என்று திறந்திருந்தால் 8 ஜிபி இயந்திரம் எஸ்எஸ்டியைக் கடன் நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கி நகர்ந்து நகர்ந்து நின்றுவிடும். 16 போதும், 32 இருந்தால் நிம்மதி என்பது எங்கள் முடிவு.

ஜிபியு எப்போது வேண்டும்? ஒரு மொழி மாதிரியை, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைக் கற்ற ஏஐ மென்பொருளை, தன் தரவில் பயிற்றுவிக்கும்போது. தமிழும் கற்ற எக்ஸ்எல்எம்-ராபர்ட்டா என்ற மாதிரியின் சிறிய வடிவத்தில் ஏறத்தாழ 27 கோடி எண்கள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்த மட்டும் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல் போதும், சாதாரணச் செயலியிலேயே மெதுவாக ஓடும். பயிற்சி என்று வந்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பைட் வேண்டும்: எண் 4, அதை எந்தப் பக்கம் திருத்துவது என்று சொல்லும் சாய்வு 4, திருத்தும் வேலையைச் செய்யும் ஆடம் முறை நினைவில் வைக்கும் இரண்டு எண்களுக்கு 8. மொத்தம் 4.3 ஜிபி. உள்ளே போகும் பதிவுகளுக்கான இடம் அதற்கு மேல். அதாவது, அவர் பார்த்து வைத்திருந்த 6 ஜிபி ஜிபியு இந்த ஒரே வேலைக்கே மூச்சு முட்டும். இதைவிடப் பெரிய மாதிரியைத் தொடவே முடியாது. அந்த ஒரு பயிற்சியோ முழு ஆய்விலும் நான்கைந்து தடவை நடக்கப்போவது. கூகுள் கோலாப், காகிள் போன்ற இடங்களில் ஜிபியு சில மணி நேரத்துக்கு இலவசமாகவோ வாடகைக்கோ கிடைக்கும்போது, அதைத் தினமும் பையில் சுமக்க வேண்டியதில்லை.

மூன்று லேப்டாப்புகள்

கடைசியில் மூன்று வந்து நின்றன. ஒன்று அந்த விளையாட்டு லேப்டாப். இன்னொன்று ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள, தட்டையான, அழகான இயந்திரம். 8 ஜிபி ரேம், அதுவும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. மூன்றாவது, அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் வகையைச் சேர்ந்த, இரண்டாம் கையாகச் சரிபார்த்து விற்கப்படும் 14 அங்குல லேப்டாப். பார்க்கக் கறுப்பாக, மந்தமாக இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு ரேம் செருகுகுழிகள், ஒன்று காலி.

தட்டையானதை முதலில் தள்ளினோம். பற்றவைத்த ரேமைக் கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவு ஐந்து ஆண்டுக்கும் நிற்கும். இந்த வகை வாங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: செயலியில் ஒரு படி இறங்கி, ரேமில் ஒரு படி ஏறுங்கள். ஆப்பிள் மடிக்கணினிகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் செயலியும் ஜிபியுவும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வது பல வேலைகளுக்கு நல்ல வசதிதான், ஆனால் பின்னால் கூட்ட முடியாது. ஜிபியுவில் கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் கூடா மென்பொருள் அவற்றில் ஓடாது என்பதும் மாதிரி பயிற்றுவிப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

விளையாட்டு லேப்டாப்பை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் இருவரும் ஒரு நாள் முழுக்க அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று குறித்துப் பார்த்தோம். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறார், குறிப்பெடுக்கிறார். பங்கேற்பாளர்களைச் சந்திக்கப் பேருந்தில் போகிறார். இரவில் சில மணி நேரம் புரோகிராம் எழுதுகிறார். பெரிய மின்னேற்றியைத் தூக்கிக்கொண்டு, சார்ஜ் போட இடம் தேடுகிற இயந்திரம் இந்த வாழ்க்கைக்குள் பொருந்தாது. அப்புறம் ஒரு விஷயம் கிடைத்தது, அதுதான் முடிவைத் தீர்மானித்தது: ஆய்வுத் திட்டத்தின்படி ஆயிரக்கணக்கான பதிவுகளை அவரே கண்ணால் படித்து மதிப்பெண் போட வேண்டும். இந்த ஆய்வில் அதிக நேரம் உழைக்கப்போவது ஒரு மனிதரின் கண்ணும் விரலும்தான். ஆக, திரையும் விசைப்பலகையும் முதல் இடத்துக்கு வந்தன. ஒளி தெறிக்காத மங்கல் பூச்சுத் திரை, உயரம் கொஞ்சம் கூடுதலான 16:10 விகிதம், ஆழமாக அழுந்தும் விசைகள், எந்த மின்னேற்றியிலும் போடக்கூடிய யூஎஸ்பி-சி.

மூன்றாவதையே வாங்கினார். காலியாக இருந்த குழியில் இன்னொரு 16 ஜிபி போட்டோம். எஸ்எஸ்டியை 1 டிபியாக மாற்றினோம். லினக்ஸ் நிறுவினோம், வைஃபையும், மூடித் திறந்தால் விழித்துக்கொள்வதும் சரியாக வேலை செய்கின்றனவா என்பதை வாங்கும் முன்பே பென்டிரைவில் இருந்து துவக்கிப் பார்த்துவிட்டோம். இரண்டாம் கை வாங்குபவர்கள் இதோடு பேட்டரியின் மிச்சக் கொள்ளளவையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒரே கட்டளை அதைச் சொல்லிவிடும்.

நிறுவும்போதே, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி முழு வட்டையும் மறையாக்கம் செய்தோம். இதை ஓர் உபரி வசதியாக நான் பார்க்கவில்லை. நம்பிக் கொடுத்த மனிதர்களின் சண்டை, காதல், கடன், நோய் எல்லாம் அந்த வட்டில் இருக்கப்போகிறது. பேருந்தில் பை தொலைந்தால் போவது லேப்டாப்பாக மட்டும் இருக்க வேண்டும். இந்தத் துறையில் சம்மதத்தின் மதிப்பை எல்லோரும் உணர்ந்தது 2014-இல். ஃபேஸ்புக் 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பயனர்களின் செய்தி ஓடையில் மகிழ்ச்சியான, சோகமான பதிவுகளின் அளவைக் கூட்டிக் குறைத்து, அது அவர்கள் எழுதுவதை மாற்றுகிறதா என்று பார்த்த ஆய்வு அப்போது வெளியானது. கிடைத்த விளைவு மிக மிகச் சிறியது. ஆனால் தங்கள் மனநிலையோடு சோதனை நடக்கிறது என்பது அந்த ஏழு லட்சம் பேருக்குத் தெரியாது. கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே பிறகு கவலை தெரிவித்துக் குறிப்பு எழுதியது.

எண்ணத் தொடங்கியபின்

முதல் சிக்கல் முதல் கோப்பிலேயே வந்தது. ஒரு தளம் கொடுத்த தரவிறக்கக் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்துகளாக, ஒவ்வொன்றும் ஆறு எழுத்து நீளமுள்ள மாற்றுக்குறியாக எழுதப்பட்டிருந்தது. கோப்பில் 27 பைட் எடுக்க வேண்டிய "மகிழ்ச்சி" 162 பைட் எடுத்தது. எழுத்துகளை லத்தீன்-1 என்ற பழைய குறியாக்க முறையில் எடுத்துக்கொண்டு பைட்டுகளாக்கி, அதை மறுபடி யூடிஎஃப்-8 என்று படித்தால் தமிழ் திரும்பி வந்துவிடும். இரண்டு வரி வேலை. ஆனால் அது தெரியாமல் ஓட்டியிருந்தால், எல்லோரும் மகிழ்ச்சியும் இல்லாமல் சோகமும் இல்லாமல் மந்தமாக இருப்பதாக ஒரு நேர்க்கோடு வந்திருக்கும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது பிழைச் செய்தி எதுவும் காட்டாது. பைத்தானோடு சேர்ந்தே வரும் தேடல் தொகுதியில், சொல்லைப் பிரிக்க எல்லோரும் பயன்படுத்தும் குறி ஒன்று உண்டு. அது தமிழ் மெய்க்குறியான புள்ளியையும், உயிர்க்குறிகளையும் எழுத்தாக ஏற்பதில்லை. அதனால் "மகிழ்ச்சி" என்பது "மக", "ழ", "ச", "ச" என்று நான்கு துண்டாகிறது. பிரபலமான சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் மென்பொருள் தொகுப்பின் இயல்பான அமைப்பு இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடும். மிச்சம் நிற்பது "மக" மட்டும். அட்டவணையில் முதல் இருபது சொற்களை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. தனியாக நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் தொகுதி இதைச் சரியாகச் செய்கிறது, அதற்கு மாறினார். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் கொம்பும் காலும் சிதறித் தெரிவதால் இந்த மாதிரிப் பிழைகள் கண்ணில் படுவதில்லை. எதை அச்சிட்டாலும் எடிட்டரிலோ பிரவுசரிலோ பார்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டார். தமிழ்த் தரவோடு வேலை செய்யும் எல்லோருக்கும் நான் இதையே சொல்வேன்.

சொல் சரியாகப் பிரிந்தபிறகு, தமிழ் தன் வேலையைக் காட்டியது. "மகிழ்ச்சியாக", "மகிழ்ச்சியோடு", "மகிழ்ச்சியில்லை" எல்லாம் தனித்தனிச் சொற்கள். தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் கடைசிச் சொல்லும் மகிழ்ச்சிக் கணக்கில் சேரும். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள், "சந்தோஷம்" என்ற ஒரு சொல்லுக்கே ஏழெட்டு எழுத்துக்கூட்டல். இதெல்லாம் உழைத்தால் தீர்கிற விஷயம். தீராதது பேச்சு வழக்கு. "பயங்கர சந்தோஷம்" என்பதில் பட்டியல் ஒரு கூட்டல், ஒரு கழித்தல் போட்டு பூஜ்யம் என்று சொல்லும். எழுதியவரோ அன்று தலைகால் புரியாமல் இருந்திருக்கிறார். "சிரிச்சே செத்துட்டேன்" சாவுக் கணக்கில் போகும். "வெறித்தனமா இருக்கு" என்பது பாராட்டு என்று இளைஞர்கள் எல்லோருக்கும் தெரியும், பட்டியலுக்குத் தெரியாது. "நல்லா இருப்பே" என்பது வாழ்த்தா வசவா என்பதை அதற்கு முந்தைய பதிவுதான் சொல்லும்.

இவை தமிழின் தனிக்குறை என்று நினைத்து அவர் சோர்ந்தபோது, ஆங்கிலத்தில் நடந்ததை எடுத்துக் காட்டினேன். 2011 மே தொடக்கத்தில் ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது அமெரிக்காவில் பலர் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஹெடோனோமீட்டரோ அதை மிகத் துயரமான நாள்களில் ஒன்றாகக் காட்டியது. மரணம், கொலை, பயங்கரவாதி என்ற சொற்கள் அன்று குவிந்ததுதான் காரணம். அதற்கு முந்தைய ஆண்டான 2010-இல் வெளியான ஒரு கட்டுரை, 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நாளில் அனுப்பப்பட்ட பேஜர் செய்திகளை ஆராய்ந்து, நாள் முழுக்கக் கோபம் ஏறிக்கொண்டே போனது என்று கண்டது. சிந்தியா பியூரி என்ற உளவியலாளர் மூலச் செய்திகளைத் திறந்து படித்தார். ஏதோ ஒரு கணினி, தன்னை மறுதொடக்கம் செய்யச் சொல்லி ஒரே பேஜருக்கு ஆயிரக்கணக்கான தானியங்கிச் செய்திகளை அனுப்பியிருந்தது. நெருக்கடி நிலையைக் குறிக்க அதில் வந்த ஓர் ஆங்கிலச் சொல், கோபப் பட்டியலில் குறைகூறுவதற்கான சொல்லாக இருந்தது. கோபம் என்று எண்ணப்பட்ட செய்திகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த இயந்திரத்துடையது. இந்தத் துறையில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இதுதான். பெரிய கணினி எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் உட்கார்ந்து படித்தார், கண்டுபிடித்தார்.

படித்ததும், படித்ததால் தெரிந்ததும்

அதனால் அவரும் படித்தார். குலுக்கல் முறையில் தேர்ந்த பதிவுகளுக்கு அவர் ஒரு பக்கம், அவருடைய தோழி ஒரு பக்கம், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல் மதிப்பெண் போட்டார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உண்மையான ஒப்புதலைச் சொல்லும் கப்பா அளவை, 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்தது, அதைப் பயன்படுத்தினார்கள். முதல் சுற்றில் அது ஏமாற்றமாக இருந்தது. எங்கெங்கே வேறுபட்டார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் வாழ்த்துகள். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், என்றும் மகிழ்ச்சியுடன் வாழ்க" என்று எழுதியவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா? தோழி ஆம் என்று போட்டிருந்தார். இவர் தெரியாது என்று போட்டிருந்தார். நான் இவர் பக்கம். அது மரியாதை. அதை எழுதும்போது அவருக்கு வயிற்றுவலியே இருந்திருக்கலாம்.

இது சின்ன விஷயமில்லை. ஃபேஸ்புக் 2009-இல் மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற பெயரில் ஒரு குறியீட்டை வெளியிட்டது. நிலைப்பதிவுகளில் வரும் நல்ல, கெட்ட சொற்களை எண்ணும் அதே முறை. அதில் உயர்ந்து நின்றவை விடுமுறை நாள்கள், அதாவது எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லும் நாள்கள். 2014-இல் வேறொரு குழு அதே காலத்தில் பயனர்கள் நிரப்பிய வாழ்க்கைத் திருப்திக் கேள்வித்தாளோடு அந்தக் குறியீட்டை ஒப்பிட்டு, இதை மனநிலைக்கோ நல்வாழ்வுக்கோ நம்பத்தக்க அளவாகக் கொள்ள முடியாது என்று முடிவு சொன்னது. 2020-இல் கோகில் ஜைட்கா குழுவினர் 150 கோடிக்கு மேற்பட்ட ட்வீட்களை, 17 லட்சம் பேரிடம் தொலைபேசியில் எடுத்த கருத்துக்கணிப்போடு வைத்துப் பார்த்தார்கள். சொற்பட்டியல் முறை இடத்துக்கு இடம் தடுமாறியது. அன்பு, நல்ல என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும், சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கமும் அதில் பெரும்பங்கு குழப்பத்தை உண்டாக்கின. அந்த மூன்றை மட்டும் எடுத்தாலே கணக்கு தேறியது. உண்மையான கருத்துக்கணிப்பை வைத்துப் பயிற்றுவித்த மாதிரிகள் நிலையாக நின்றன.

நம் மாணவியும் வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் தனி வகை வைத்தார். ஒரே வாசகம் பலமுறை வரும் பதிவுகளை ஒன்றாகக் குறைத்தார். இரண்டாம் சுற்றில் இருவரின் ஒப்புதல் நன்றாக ஏறியது. கையால் மதிப்பெண் போட்ட அந்தத் தொகுப்பை, பெயரும் அடையாளமும் நீக்கி, வாடகை ஜிபியுவில் ஏற்றி மாதிரியைப் பயிற்றுவித்தார். முடிய ஓர் இரவு ஆனது. லேப்டாப் அப்போது மூடிக் கிடந்தது. "சிரிச்சே செத்துட்டேன்" இப்போது சரியாகப் போகிறது. "நல்லா இருப்பே" இன்னும் போகவில்லை.

கேள்வித்தாளோடு ஒப்பிட்டபோது இன்னொன்று வெளியே வந்தது, இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்ததும் அதுதான். திருப்தி மதிப்பெண் சட்டென்று இறங்கிய சிலருடைய பதிவுகளில் சோகமே இல்லை. பதிவுகளே இல்லை. அந்த மாதம் அவர்கள் எழுதவில்லை. நாள்வாரிச் சராசரி எடுக்கும் எந்த முறையிலும் எழுதாத ஆள் கணக்கில் வரமாட்டார். மீதி இருக்கும் மகிழ்ச்சியான ஆட்களின் சராசரி உயர்ந்து, எல்லாம் நன்றாக இருப்பதாகக் கோடு மேலே போகும். ஒரு கோடி முகமற்ற பதிவுகளைத் திரட்டும் பழைய திட்டத்தில் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. யார் எழுதவில்லை என்று தெரிய, யார் எழுதுபவர் என்று முதலில் தெரிய வேண்டும். இப்போது அவர் ஒவ்வோர் ஆளுக்கும் வழக்கமான இடைவெளியைக் கணக்கிட்டு, அதைவிட நீண்ட மௌனத்தையும் ஓர் அளவாகச் சேர்த்திருக்கிறார். மௌனத்துக்கு வேறு நூறு காரணங்கள் இருக்கும். தேர்வு, பயணம், போன் உடைந்தது. அதனால் இதை வைத்து யாரைப் பற்றியும் தனியாக ஒரு முடிவு சொல்வதில்லை என்றும், ஆய்வு முடியும் தேதியில் மூலக் கோப்புகளை அழிப்பதென்றும் பங்கேற்பாளர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

லேப்டாப் விஷயத்தில் ஒரு குறை மட்டும் அவர் சொன்னார். 14 அங்குலத்தில் ஒரு பக்கம் பதிவும் இன்னொரு பக்கம் மதிப்பெண் படிவமும் வைத்துப் படிப்பது நெருக்கடியாக இருக்கிறதாம். மூன்றாவது வாசகர் ஒருவரைச் சேர்க்கும் இந்தச் சுற்றுக்கு முன் ஒரு வெளித்திரை வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கியோடு, எழுத்து கூர்மையாகத் தெரியும் 27 அங்குலத் திரை, லேப்டாப்புக்கும் அதே கம்பியில் மின்னேற்றும் வகை. ஜிபியுவுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது.